கோத்தகிரியா, குன்னூரா, ஏற்காடா, வால்பாறையா? ஓய்வுக்காலத்துக்கு மலையில் வீடு தேடுபவர்களுக்கு

பங்குனி வெயிலில் ஈரோடும் கரூர் பரமத்தியும் நூறு டிகிரியைத் தாண்டியதும் இந்தக் கேள்வி வந்துவிடும். திருப்பூரில் கம்பெனியை மகன் கையில் ஒப்படைத்தவர் கேட்பார். கோவையில் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் கேட்பார். பெருந்துறைப் பக்கம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டவரும் கேட்பார். "இனி இந்த வெயில்ல கிடந்து என்னங்க பண்றது? மலையில ஒரு வீடு பாத்துப் போயிரலாம்னு இருக்கோம். எந்த ஊர் நல்லா இருக்குங்க?"

ஊட்டியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். 2,240 மீட்டர் உயரம், மார்கழியிலும் தையிலும் உறைபனி, சீசனில் பால் வாங்கப் போய்வரவே அரை மணி நேரம். அது இப்போது சிறிய ஊரும் இல்லை. கொடைக்கானலும் ஏறக்குறைய இதே கதைதான். மிச்சம் இருப்பதில் கொங்கு நாட்டுக்காரர்கள் நிஜமாகவே வீடு தேடுகிற ஊர்கள் நான்கு. ஏற்காட்டைக் கொங்கில் சேர்க்கலாமா என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஈரோடு, சங்ககிரி, திருச்செங்கோட்டுக்காரர்களுக்குக் கிட்டத்து மலை அதுதான் என்பதால் சேர்த்துக்கொள்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

குளிரையும் காட்சியையும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவருக்கு வயது அறுபது. அவரே காரை ஓட்டிக்கொண்டு ஏறி இறங்குவார். அந்த வீட்டில் கடைசி வரை இருக்கப்போகிறவருக்கு எழுபத்தைந்து, எண்பது ஆகும். கண்ணில் புரை விழுந்திருக்கும், முட்டி தேய்ந்திருக்கும், இரவில் வண்டி எடுக்க மகன் விடமாட்டான். அந்த எண்பது வயதுக்காரருக்கு எந்த ஊர் சரிப்படும் என்று பார்ப்பதுதான் என் கணக்கு.

இறங்கும் பாதை. ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்குவதுதான். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும். ஆகவே ஊரின் பெயரைச் சொன்னதும் நான் கேட்பது, நள்ளிரவில், மழையில், நல்ல மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம் என்பதைத்தான். கூகுள் மேப் பகலில் காட்டும் நேரத்தை நம்பக் கூடாது.

கார் இல்லாத நாள். மளிகை, மருந்து, காய்கறி, ஏ.டி.எம். இந்த நான்குக்கும் நடந்தோ ஆட்டோவிலோ போய்வர முடியுமா? காட்சி நன்றாக இருக்கும் வீடுகள் பெரும்பாலும் சரிவில், மெயின் ரோட்டை விட்டுத் தள்ளி இருக்கும். வாசலில் நாற்பது படிக்கட்டு இருக்கும். அதை விற்பவர் "நல்ல எக்ஸர்சைஸ்ங்க" என்பார்.

இதிலேயே இன்னொன்று. வீட்டு அம்மணிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? நம் பக்கம் இந்த வயதுப் பெண்கள் பலருக்குத் தெரியாது. மலைக்குப் போவதென்ற முடிவை வீட்டுக்காரர் எடுக்கிறார், அவருக்கு முன்னே ஏதாவது ஆகிவிட்டால் அங்கே தனியாக மாட்டிக்கொள்வது அம்மணி. அவரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பல குடும்பங்களில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முடியட்டும்.

நல்லது கெட்டது. இதை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தை, வைகாசி, ஆவணி மூன்று மாதமும் முகூர்த்தம். காதுகுத்து, சீர், கல்யாணம், புதுவீடு, அப்புறம் குலதெய்வக் கோயில் நோம்பி. எழவு என்றால் அன்றைக்கே போய் நிற்க வேண்டும். நாலு முகூர்த்தத்துக்கு வராவிட்டால் "மலைக்குப் போயிட்டாரு, இனி எங்க வரப்போறாரு" என்று பங்காளிகள் பத்திரிகையைத் தபாலில் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். ஒவ்வொரு முறை இறங்கி ஏறவும் டீசல், டிரைவர் சம்பளம், கொண்டை ஊசியில் வாந்தி. சிலருக்கு இந்தப் பிடுங்கலிலிருந்து தப்பிப்பதுதான் மலைக்குப் போவதன் நோக்கமே. அதுவும் நியாயம்தான், ஆனால் தம்பதி இருவருக்கும் அதே நோக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரம். சமவெளியில் சைட் வாங்கிய பழக்கத்தில் மலையில் கை வைக்கக் கூடாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமங்களில் கட்டட அனுமதிக்குத் தனி நடைமுறை. நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சொந்த நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. கட்டி முடித்த வீடு என்றால் அனுமதி வரைபடத்தையும் நிற்கிற கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் ஒரு தளம், நேரில் இரண்டு தளம் என்றால் அந்த இரண்டாவது தளத்துக்கு நீங்கள் கொடுக்கும் காசு சீல் வைக்கும் நாள் வரைக்கும்தான்.

ஈரம், தண்ணீர், விலங்கு. குளிர் ஸ்வெட்டரோடு போய்விடும். ஈரம் போகாது. சுவரில் பூஞ்சை, பீரோவில் பட்டுச் சேலைக்குப் புள்ளி, அரிசியில் வாடை. ஆஸ்துமாவோ நாள்பட்ட சளியோ இருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குளிரில் ரத்த அழுத்தம் ஏறுவதும் உண்டு, மாத்திரை அளவு பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. விலங்கைப் பற்றி அந்தந்த ஊரில் சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | கோத்தகிரி | குன்னூர் | ஏற்காடு | வால்பாறை |
|---|---|---|---|---|
| உயரம் (சுமார்) | 1,800 மீ. | 1,850 மீ. | 1,500 மீ. | 1,050 மீ. |
| மலையடி ஊர் | மேட்டுப்பாளையம், 33 கி.மீ. | மேட்டுப்பாளையம், சுமார் 35 கி.மீ. | சேலம், 30 கி.மீ. | பொள்ளாச்சி, 65 கி.மீ. |
| பெரிய மருத்துவமனை | கோவை, 2 மணி நேரத்துக்கு மேல் | கோவை, 2 மணி நேரத்துக்கு மேல் | சேலம், 1 மணி நேரம் | கோவை, 3½ மணி நேரம் |
| வலுத்த மழை | ஐப்பசி, கார்த்திகை | ஐப்பசி, கார்த்திகை | ஆவணி முதல் கார்த்திகை வரை | ஆனி முதல் ஆவணி வரை |
| நடக்க | சுமார் | மேடு அதிகம் | ஏரியைச் சுற்றி நன்று | ஊருக்குள் சுமார் |
| தொந்தரவு | காட்டெருமை, கரடி | தண்ணீர், நெரிசல், விலை | வார இறுதிக் கூட்டம் | யானை, சிறுத்தை, தூரம் |
| பொருந்துபவர் | கோவை, திருப்பூர், அவிநாசிக்காரர் | முன்னாள் ராணுவத்தினர் | சேலம், ஈரோடு, நாமக்கல்காரர் | அங்கேயே வேர் உள்ளவர் |

## கோத்தகிரி

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி முதலில் பங்களா கட்டியது ஊட்டியில் அல்ல, கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில், 1819-ஐ ஒட்டி. அவருடைய தேர்வில் தப்பில்லை. தொட்டபெட்டா சிகரம் மேற்கே மதில் போல நிற்பதால் தென்மேற்குப் பருவமழையின் முழு அடி இங்கே விழுவதில்லை. ஊட்டியின் நடுக்கமும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பாதையும் குன்னூர்ப் பாதையைவிடச் சாதுவானது, வயிறு புரட்டுவது குறைவு.

ஊர் இன்னும் ஊராகவே இருக்கிறது. சுற்றிலும் படகர் ஹட்டிகள் (அவர்கள் ஊர்கள்), சிறு தேயிலை விவசாயிகள். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை என்பதுதான் டீக்கடைப் பேச்சு. விவசாயக் குடும்பத்திலிருந்து போகிறவருக்கு இது பெரிய ஆறுதல், முதல் வாரத்திலேயே பேச ஆள் கிடைத்துவிடும். கடைவீதி சின்னது, ஆனால் அன்றாடத் தேவைக்குக் குறை இல்லை. ராம்சந்த், டானிங்டன் பக்கம் மெயின் ரோட்டை ஒட்டி வீடு கிடைத்தால் காட்சி கொஞ்சம் குறைந்தாலும் அதையே எடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. ஊருக்குள் காட்டெருமை சர்வசாதாரணம், கரடி கூடக் குப்பையைக் கிளற வரும். அதிகாலை ஐந்து மணி நடைப்பயிற்சிப் பழக்கம் உள்ளவர்கள் அதை எட்டு மணிக்குத் தள்ள வேண்டும். மே மாதத்தில் ஊட்டி போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். அந்த ஒரு மாதம் உங்கள் அமைதியான ரோடு உங்களுடையது அல்ல.

இ-பாஸ் இன்னொன்று. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பேரன் பேத்திகள் லீவுக்கு அப்புச்சி வீட்டுக்கு வருவது சரியாக அந்த மாதங்களில்தான். உள்ளூர் முகவரிக்கு மாறிக்கொண்டால் உங்களுக்குச் சிக்கல் இல்லை, வருகிற விருந்தாளிகள்தான் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

மருத்துவம்தான் இதன் பலவீனம். அவசரத்துக்கு உள்ளூர் அரசு மருத்துவமனை, அதற்கு மேல் என்றால் கோவை. ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தபின் நிலைமை முன்பைவிடத் தேவலை. மழை நாளில் கீழே இறங்க முடியாவிட்டால் மேலே போகவாவது ஓர் இடம் இருக்கிறது.

## குன்னூர்

நான்கில் வசதி அதிகம் உள்ள ஊர் இது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் வந்து சேர்ந்ததும் இங்கேதான். அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது, தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிறது, பக்கத்தில் வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு. நீங்கள் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்றால் மேலே படிக்கவே வேண்டாம். ராணுவ மருத்துவமனை, கேன்டீன், பழைய சகாக்கள் எல்லாம் ஒரே இடத்தில். உங்களுக்குக் குன்னூர்தான்.

மற்றவர்களுக்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் கீழ்க் குன்னூரில், சிம்ஸ் பூங்காவும் நல்ல வீடுகளும் மேல் குன்னூரில். நடுவே மேடு. காய் வாங்க இறங்கலாம், பையோடு ஏறுவது எழுபது வயதில் நடக்காது. கோடையில் தண்ணீர் பெரிய தலைவலி. ரேலியா அணையை நம்பியிருக்கும் ஊரில் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று வீட்டை விற்பவரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். லாரித் தண்ணீர் செலவை மாத பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேல் குன்னூரில் பழகும் வட்டம் வேறு. ஓய்வு பெற்ற அதிகாரிகள், சென்னை, பெங்களூர்க்காரர்கள், கிளப், ஆங்கிலப் பேச்சு. அது பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. "மாப்ள, என்ன சாப்டாச்சா" என்று வாசலில் நின்று கூப்பிடும் ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வாய் மூடிக்கொள்ளும்.

மண்சரிவைச் சொல்லாமல் விட முடியாது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், ஊட்டி வட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாலைகளோடு மலை ரயில் பாதையும் நாசமானது. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மண்ணை வெட்டி எடுத்திருந்தால், தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளை இல்லாமல் இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இது கோத்தகிரிக்கும் பொருந்தும்.

## ஏற்காடு

ஊட்டியோடு ஒப்பிட்டே ஏற்காட்டை மட்டம் தட்டிப் பழகிவிட்டோம். என் கணக்கில் எண்பது வயதுக்காரருக்கு இந்த நான்கில் மிகவும் ஏற்றது இதுதான்.

காரணம் சேலம். 20 கொண்டை ஊசி வளைவு, 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தனியார் பெரிய மருத்துவமனைகளும் ரயில் ஜங்ஷனும் அங்கேயே. ஈரோட்டில் காலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலை டீக்கு வீட்டில் இருக்கலாம். குப்பனூர் வழியாக இன்னொரு மலைப்பாதையும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது மலையில் வீடு உள்ளவர்களுக்கு மாற்றுப்பாதையின் அருமை தெரிந்திருக்கும்.

உயரம் குறைவு என்பதால் குளிரும் மிதம். சித்திரையில் பகலில் ஃபேன் தேவைப்படும், அதை எதிர்பார்த்தே போங்கள். ஏரியைச் சுற்றியும் ஒண்டிக்கடை பக்கமும் நடக்கலாம், மற்ற மூன்று ஊர்களிலும் இந்த அளவுக்குச் சமதரை கிடைக்காது. காபித் தோட்டங்களின் நிழல் வேறு.

குறை என்ன? சனி ஞாயிறு. கிட்டத்தில் இருப்பதே இதன் சாபம். பைக் கூட்டம், ஏரிக்கரை இரைச்சல், மே மாதக் கோடை விழா நாட்களில் பால்காரர் கூடத் தாமதமாக வருவார். வாரச் சாமான்களைப் புதன்கிழமையே வாங்கிவிட்டு இரண்டு நாள் வீட்டில் இருந்துவிடலாம் என்றால் தாங்கும். அப்புறம், காபி எஸ்டேட்டைத் துண்டு போட்டு "வில்லா பிளாட்" என்று விற்பவர்கள் இங்கே அதிகம். மனைப்பிரிவு அனுமதி எண் இல்லாத எதற்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பாதை யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். எஸ்டேட் கேட்டுக்குள் போய்த்தான் வீடு என்றால், எஸ்டேட் கை மாறும்போது அந்த கேட்டின் சாவியும் கை மாறும்.

## வால்பாறை

அழகில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன், குடியேறுவதில் கடைசி இடம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆனைமலைப் புலிகள் காப்பகம் நாலா புறமும். மேலே சொன்ன நாலரை மணி நேரக் கணக்கில் கோவைப் பயணமே மூன்றரையைத் தின்றுவிடுகிறது.

நிலத்தின் பெரும்பகுதி எஸ்டேட் கம்பெனிகளிடமும் வனத்துறையிடமும் இருப்பதால் வாங்கக்கூடிய வீடே குறைவு. ஊரும் சுருங்கி வருகிறது. எஸ்டேட் வேலையை விட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் ஆட்கள் இறங்கிப் போனதில், 2001 கணக்கெடுப்பில் 90 ஆயிரத்துக்கு மேல் இருந்த நகராட்சியின் மக்கள்தொகை 2011-இல் 70 ஆயிரம் சொச்சமாகிவிட்டது. சுருங்கும் ஊரில் முதலில் குறைவது டாக்டரும் மருந்துக்கடையும்தான். யானையும் சிறுத்தையும் ஊரின் நிரந்தரக் குடிகள். யானை எங்கே நிற்கிறது என்று செல்போனில் தகவல் அனுப்பும் ஏற்பாடே அங்கு உண்டு. அதைப் பார்த்துப் பழகினவர்களுக்குச் சரி, முட்டி வலியோடு ஓட முடியாதவர்களுக்கு எப்படி?

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், அங்கேயே ஆசிரியராக இருந்தவர் என்றால் கதை வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் ஓடிவரும் ஊரை விட்டு இறங்க வேண்டியதில்லை. மற்றவர்கள் மழை விட்ட பிறகு வாடகைக்கு இரண்டு மாதம் இருந்துவிட்டு வாருங்கள்.

## இன்னும் சில பெயர்கள்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி. நிலத்தில் பெரும்பகுதி மலையாளிப் பழங்குடி மக்களுடையது. அரசு ஒப்படைத்த நிலத்தை வெளியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, மிளகு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள். தாளவாடி, ஆசனூர் என்றால் திம்பம் 27 வளைவுகளும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும் நடுவில். 2022 பிப்ரவரி முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழி விடுவார்கள், வாடகைக் காருக்கு நேரம் பார்க்க வேண்டும். கூடலூரில் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் "செக்‌ஷன் 17 நிலமா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். ஜமீன் போன்ற பழைய ஜென்ம நில உரிமையை ஒழித்த சட்டத்தின் பிரிவு அது. அந்த வழக்கில் கிடக்கும் நிலத்தில் கரன்ட் இணைப்பு வாங்குவதே போராட்டம்.

மலையடிவாரத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. காரமடை, மேட்டுப்பாளையம், ஆனைமலை. ராத்திரிக் காற்று குளிர்ச்சி, மலை கண்ணெதிரே, கோவையோ பொள்ளாச்சியோ ஒரு மணி நேரத்துக்குள். ஆனைகட்டி, தடாகம் பக்கமானால் யானை வழித்தடத்தைத் தள்ளி வாங்க வேண்டும். நீலகிரியில் மசினகுடிப் பக்கம் சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும். வெயிலிலிருந்து முழு விடுதலை இல்லை என்பது இதன் குறை. சித்திரை, வைகாசி இரண்டு மாதம் மட்டும் கோத்தகிரியில் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் அந்தக் குறையும் தீரும். இரண்டு வீட்டை வருடம் முழுக்கப் பராமரிப்பதைவிட இது மலிவு.

## வாங்கும் முன்

எந்த ஊராக இருந்தாலும் முதலில் பதினொரு மாத அக்ரிமென்டில் வாடகைக்குப் போங்கள். தொடங்குவது சித்திரையில் வேண்டாம், அப்போது எல்லா மலையும் நல்ல மலைதான். நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் ஐப்பசியில், வால்பாறைக்கு ஆனியில் குடியேறுங்கள். மரம் விழுந்து கரன்ட் போகும், நெட் போகும், துணி நாலு நாள் காயாது. அதற்குப் பிறகும் அம்மணியும் நீங்களும் "இருக்கலாம்" என்று சொன்னால் பத்திரம் பார்க்கலாம்.

கீழே இருக்கும் வீட்டை விற்று மேலே வாங்காதீர்கள். மலை வீட்டை அவசரத்துக்கு விற்க முடியாது. வாங்குபவர் கிடைக்க மாதங்கள் ஆகும், ஆபரேஷனுக்குப் பணம் அவ்வளவு நாள் காத்திருக்காது. முடியாவிட்டால் ஒரு போர்ஷனையாவது வைத்துக்கொண்டு மிச்சத்தை வாடகைக்கு விடுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது மழை பெய்து கொண்டிருந்தால் நல்லது. பின் அறையின் அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். 30 வருட வில்லங்கச் சான்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். 108 வண்டி வாசல் வரை வருமா, ரோட்டிலேயே நின்றுவிடுமா என்று நடந்து பாருங்கள். ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாத படிக்கட்டு இருந்தால் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.